ஔலுவுக்கு வரும் ஒற்றைச் சொல்

1

இந்தக் கார்த்திகையோடு நாங்கள் பின்லாந்துக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. நம் ஊர்க்காரர்கள் படிக்கப்போகிற குறிப்பு என்பதால், நான் இருக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஔலு என்பது பின்லாந்தின் வடபகுதியில் உள்ள கடலோர நகரம். கார்த்திகை மாதத்தில் இங்கே பகல் இரண்டரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். அப்போது நம் திருவண்ணாமலையில் மாலை ஆறு. நம் ஊரைவிட்டு எங்கெங்கோ போய்க் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். மலையில் தீபம் ஏற்றும் அதே நேரத்தில் தன் ஜன்னலிலும் அந்தி கூடும் பாக்கியம் எனக்குத் தெரிந்து எங்களுக்குத்தான் வாய்த்திருக்கிறது. இதைப் பெருமையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். என் மனைவி சரோஜா, "வேற பெருமையே கெடைக்கலியா உங்களுக்கு?" என்பாள்.

நான் புள்ளியியல் படித்தவன். காடுகளை ஆராயும் ஓர் அலுவலகத்தில் மரங்களை எண்ணும் வேலைக்கு வந்தேன். எல்லா மரத்தையும் யாராலும் எண்ண முடியாது. கொஞ்சம் எண்ணி, மிச்சத்தைக் கணக்கால் கண்டுபிடிக்க வேண்டும். பின்னிஷ் மொழியில் ஆறு என்ற எண்ணுக்கும் ஒரு வகை ஊசியிலை மரத்துக்கும் ஒரே பெயர், கூசி. வந்த புதிதில் காட்டில் நின்று நான் அதே மொழியில் ‘ஆறு' என்று சொன்னேன். உடன் வந்தவர் மரத்தின் பெயரை எழுதிக்கொண்டு எண்ணிக்கைக்காகக் காத்திருந்தார். பனியில் வெகுநேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வேலை ஓய்ந்தும் எண்ணுகிற பழக்கம் ஓயவில்லை. எதிர்க் கட்டடத்தில் விளக்கெரியும் ஜன்னல்களை எண்ணுகிறேன். சரோஜா மாத்திரை விழுங்கினாளா என்று அட்டையை எண்ணுகிறேன். கைபேசியில் சிக்னல் எத்தனை கோடு காட்டுகிறது என்று எண்ணுகிறேன். இந்த வருடம் அந்தக் கடைசி எண்ணிக்கைதான் எங்கள் வீட்டில் பெரிய விஷயமாக ஆயிற்று.

2

மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கு என்பதை நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை அகலில் எண்ணெயும் திரியும் இருக்கும், தீக்குச்சி தொடாது. விரதம் இருப்பவர்கள் வாயில் ஒன்றும் போட மாட்டார்கள். சரோஜா இந்த வழக்கத்தைப் பெட்டியில் மடித்து வைத்து ஔலுவுக்குக் கொண்டுவந்தாள். எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் காகித ஆலையின் புகைபோக்கிதான் தெரியும்.

"பஞ்சாங்கத்தில் நேரம் இருக்கிறது, கடிகாரத்தைப் பார்த்து ஏற்றிவிடலாமே" என்று முதல் வருடமே சொல்லிப் பார்த்தேன்.

"மழ வந்து நேரமாயிட்டா? கடிகாரத்துக்கு என்னா தெரியும்? கண்ணால பாத்தவங்க வாயால சொல்லணும்" என்றாள்.

அந்த வாய், அவள் தம்பி தனபாலுவின் வாய். வேங்கிக்காலில் வீடு, கலெக்டர் ஆபீசில் வேலை. நாங்கள் வந்த 1989ஆம் ஆண்டு அவன் தேரடிப் பக்கம் ஐ.எஸ்.டி. பூத் வாசலில் நின்று தீபத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினான். அவனுக்கு முன்னால் அதே சேதியை பம்பாய்க்கும் பெங்களூருக்கும் சொல்ல ஆட்கள் நின்றார்கள். கடைசியில் கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து அவன் கத்தினான்: "அக்கா, ஏத்திட்டாங்க!" அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு சரோஜா தீக்குச்சியைக் கிழித்தாள்.

பிறகு அவன் வீட்டுக்கே தொலைபேசி வந்தது. மொட்டை மாடியில் நின்று பார்த்துவிட்டு இறங்கி ஓடிவந்து சொல்வான். அவை நல்ல வருடங்கள். அப்புறம் ஊரில் எல்லார் சட்டைப்பையிலும் கைபேசி வந்தது, தனபாலுவும் வீட்டுத் தொலைபேசியை எடுத்துவிட்டான். சேதி வருவது நின்றது. சுடர் தெரிந்ததும் ஜனங்கள் மொத்தமும் ஒரே நொடியில் பொத்தானை அமுக்கினால் எந்த டவர் தாங்கும்? ஒரு வருடம் எங்கள் மணி ஐந்து வரை தகவல் இல்லை. சரோஜா பொரி உருண்டைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வருடா வருடம் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டேதான் எங்கள் மகள் கலைச்செல்வி வளர்ந்தாள். இங்கே வந்தபோது அவளுக்கு ஏழு வயது. "இன்னும் ஏத்தலியா?" என்று ஜன்னலோரம் நின்று கேட்பாள். இரண்டு வருடத்தில் அந்தக் கேள்வி பின்னிஷுக்கு மாறியது. பள்ளி உயர்வகுப்பில், "அந்த ஃபோன் வரலன்னா நாம சாப்பிடவே மாட்டோமா?" என்று எரிச்சலோடு கேட்டாள். அதற்குப் பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். விலகிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குப் போய்ப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். இங்கே பள்ளி விடுமுறை ஜூன், ஜூலையில்தான். போன தடவையெல்லாம் வெயிலில்தான் போனோம். மகள் வேலைக்குப் போய், இனி கார்த்திகைக்கே போகலாம் என்றிருந்தபோது சரோஜாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. நீண்ட விமானப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, அவள் மலை மேல் சுடரைக் கண்ணால் பார்த்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனிப் பார்ப்பாளா என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. 

3

மகள் கலை படித்தது வானொலி அலைப் பொறியியல். கைபேசி வலையமைப்புக்கான கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். த்ரீ ஜி என்கிற மூன்றாம் தலைமுறைக் கைபேசி என்றால் என்ன என்று நான் விடாமல் நச்சரித்ததில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் சொல்லிக் கொடுத்தாள். அவள் தமிழில் ஓட்டைகள் உண்டு. விஷயத்தில் ஓட்டை இல்லை.

பழைய முறையில் ஒவ்வொரு கைபேசிக்கும் ஒரு முறை வரும். தரிசன வரிசை மாதிரி, உன் நேரத்தில் நீ பேசு, அடுத்தவன் அவன் நேரத்தில் பேசுவான். வரிசை அத்தனை வேகமாகச் சுற்றுவதால் இடையில் நிறுத்தியது நமக்குத் தெரியாது. மூன்றாம் தலைமுறையில் வரிசை கிடையாது. எல்லாரும் ஒரே அகலமான அலைவரிசையில், ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்.

"அப்போ வெறும் கூச்சல்தானே?" என்றேன்.

"பௌர்ணமி அன்னிக்கு நம்ம பஸ் ஸ்டாண்டு எப்படிப்பா இருக்கும்? ஒருத்தர் வேலூர் வேலூர்னு கத்துவாரு, ஒருத்தர் செங்கம் செங்கம்னு கத்துவாரு, ஒருத்தர் போளூரு. உங்க காதுல எது உழும்?"

"நான் போற ஊரு."

"மத்தது?"

"இரைச்சல்."

"அவ்ளோதான். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு ரகசிய எண் வரிசை இருக்கு. பேச்ச அதோட பெருக்கி அனுப்புவாங்க. அந்த எண் வரிசை தெரிஞ்ச காதுக்கு அது பேச்சு, தெரியாத காதுக்கு இரைச்சல்."

கூச்சலைப் பெருக்கல் கணக்கால் பிரிக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விந்தை இன்னும் இருக்கிறது. டவருக்குப் பக்கத்தில் நிற்பவன் கத்தினால் தூரத்தில் இருப்பவன் குரல் அமுங்கிவிடும். அதனால் டவர் ஒவ்வொரு கைபேசியையும் பார்த்து, ‘குரலை ஏற்று, குறை' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. வினாடிக்கு ஆயிரத்து ஐந்நூறு முறை! நான் சரோஜாவிடம் மாத்திரை பற்றிக் கேட்பதெல்லாம் எம்மாத்திரம்.

கவலைப்பட வேண்டிய சங்கதியும் ஒன்று சொன்னாள். ஒருவர் பேச்சு மற்றவருக்கு இரைச்சல் என்பதால், கூட்டம் சேரச் சேர மொத்த இரைச்சல் ஏறும். ஓரத்தில் நிற்பவனின் கைபேசி தன் முழு பலத்தையும் போட்டுக் கத்தினாலும் டவருக்குக் கேட்காது. அவன் தொடர்பு போய்விடும். அதாவது ஆள் ஜாஸ்தியானால் டவரின் எல்லை சுருங்கும், கம்மியானால் விரியும். மூச்சு விடுவது மாதிரி. அந்தத் தொழிலில் இருப்பவர்களும் அதை மூச்சு என்றுதான் சொல்கிறார்களாம்.

கடைசியாகக் கிரிவலத்தை வைத்து ஒன்று சொன்னாள். மலையைத் தாண்டி அலை போகாது. ஆகவே சுற்றி நடக்கும்போது கைபேசி டவர் விட்டு டவர் மாறவேண்டும். பழைய முறையில் ஒரு டவரை விட்டுவிட்டுத்தான் அடுத்ததைப் பிடிக்கும். புதிய முறையில் அடுத்ததைப் பிடித்த பிறகுதான் முன்னதை விடும். நடுவில் கொஞ்ச தூரம் இரண்டோடும் பேசிக்கொண்டே போகும்.

அன்று அவள் போன பிறகு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் மாறிவந்தது பழைய முறை. விட்டோம், பிறகு பிடித்தோம். நடுவில் இருந்த மௌனத்தை இன்னும் மறக்கவில்லை.

4

மூன்றாம் தலைமுறை நம் ஊருக்கு வந்த பிறகு வரும் முதல் தீபம் இது. கூட்டத்துக்குத் தாங்குமாறு வலையமைப்பைச் சரிசெய்ய ஆள் வேண்டும் என்று கலையின் கம்பெனியில் கேட்டார்களாம். அவளே கை தூக்கியிருக்கிறாள். புறப்படும்போது அம்மாவுக்கு முன்பக்கம் கேமரா வைத்த புதுக் கைபேசி ஒன்றைக் கொடுத்தாள்.

"அம்மா, ஏத்தறப்போ முகம் தெரியற வீடியோ கால் போடறேன். நீ இங்கிருந்தே மலைய பாரு" என்றாள்.

சரோஜா மறுநாள் அரக்குப் பட்டுப்புடவையை எடுத்துக் காற்றாட நாற்காலியில் போட்டாள்.

தீபத்துக்குச் சில நாள் முன்பு தனபாலு கூப்பிட்டான்.

"மாமா, உங்க பொண்ணு எங்க ஆபீசையே ஒரு கலக்கு கலக்கிடுச்சி."

"என்னாச்சி? ஏதாவது சண்டையா?"

"நீங்க எப்பவும் சண்டையாத்தான் நெனைப்பீங்க. அடி அண்ணாமலையாண்ட லாரி மேல ஒரு டவர நிறுத்தணும்னு பர்மிஷனுக்கு வந்துச்சி. நம்ம கிளார்க்கு பாஸ்போர்ட்ட பாத்துட்டு, ‘மேடம், உங்களுக்கு எந்த நாடு?'ன்னாரு. ‘ஊரு இதான், நாடுதான் வேற'ன்னுச்சி. அந்தாளு பேனாவ கீழ வச்சிட்டாரு. எந்த கட்டத்துல எழுதறதுன்னு இன்னும் பேச்சு நடக்குது."

"பர்மிஷன் வந்துச்சா?"

"வந்துச்சி. கதைய கேளுங்க. மீட்டிங்குல மெட்ராஸ்லருந்து வந்த ஃபோன் கம்பெனிக்காரங்க பௌர்ணமி கூட்டத்த வச்சி கணக்கு போட்டுனு வந்திருந்தாங்க. ஜனங்க ராத்திரி பூரா மலைய சுத்துவாங்க, லோடு பரவலா இருக்கும்னு. நம்ம கலை எந்திரிச்சி, ‘அது நடக்கற கூட்டம், இது நிக்கற கூட்டம். ஏத்தின நிமிஷம் அத்தினி பேரும் ஒண்ணா ஃபோன் பண்ணுவாங்க. ஒவ்வொருத்தருக்கும் எங்கியோ ஒரு வீட்ல திரிய போட்டுட்டு ஒருத்தர் காத்துட்டு இருப்பாங்க'ன்னுச்சி. ‘எந்த டேட்டாவ வச்சி சொல்றீங்க?'ன்னு ஒருத்தர் கேட்டாரு."

"என்ன சொன்னா?"

"‘எங்க அம்மாவ வச்சி'ன்னுச்சி."

ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவு கட்டுவதை என் தொழிலில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அன்று நான் ஒப்புக்கொண்டேன்.

ஆனால் தீபத்துக்கு முதல் நாள் கலையே கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"அப்பா, நாளைக்கு ஏத்தற நேரத்துல முகம் தெரியற கால் போகாது. பேச்சு மட்டுந்தான்."

"ஏன், மிஷின் கெட்டுப்போச்சா? மழையா? நான் அப்பவே நெனச்சேன்."

"ஒண்ணும் கெடல. நான்தான் நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுத்தேன். ஒரு முகம் தெரியற கால், நாலஞ்சு பேச்சு போற எடத்த அடைச்சுக்கும்பா. கூட்டத்துல இருக்கற டவர்ல எல்லாம் அந்த கொஞ்ச நேரம் பேச்சுக்கு மட்டுந்தான் எடம்."

"அத்தனை லட்சம் பேர்ல உங்கம்மா ஒருத்தி. அவளுக்கு ஒண்ணே ஒண்ணு விட்டு வைக்கக்கூடாதா? நீதானே இஞ்சினீரு?"

"எல்லாரும் அவங்கவங்க அம்மாவுக்குத்தானப்பா பண்றாங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவள், "அம்மாகிட்ட நீங்க சொல்லிடுங்க. எனக்கு தைரியம் வரல" என்று வைத்துவிட்டாள்.

சரோஜா அகல்களைக் கழுவித் துணியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போலப் பதினோரு அகல். மூன்று முறை எண்ணிவிட்டுச் சேதியைச் சொன்னேன். அவள் கையிலிருந்த அகலைக் கவிழ்த்துவிட்டுக் கேட்டாள்.

"தனபாலு குரல் வருமில்ல?"

"வரும்ங்கிறா."

"அப்ப சரி."

புடவையை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள். 

5

மறுநாள் காலையில் அதே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேலே ஸ்வெட்டர். குரலுக்கு எதற்குப் பட்டு என்று நான் கேட்கவில்லை.

பின்லாந்துக்காரர்கள் தங்கள் சுதந்திர தினமான டிசம்பர் ஆறாம் தேதி மாலை ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். எங்கள் கார்த்திகை அதற்கு முன்னும் பின்னுமாக வரும். எதிர்க் கட்டடத்தில் இருக்கும் எய்லா அம்மாளுக்கு எங்கள் மேல் நெடுநாளாக ஒரு பரிதாபம்: இந்த இந்தியர்கள் வருடா வருடம் தேதியைத் தப்பவிடுகிறார்கள், விளக்கையும் ஜாஸ்தியாக வைக்கிறார்கள். அன்றும் பாத்திரம் திருப்பித் தர வந்தவள், "இன்னும் ஆறாம் தேதி ஆகவில்லையே" என்று இதமாகச் சொன்னாள். சரோஜா தனக்குத் தெரிந்த பின்னிஷில் எதையோ சொல்லி, ஓர் அகலை எண்ணெய் திரியோடு அவள் கையில் கொடுத்தாள். "நான் ஏத்துனதும் நீங்களும் ஏத்துங்க" என்பதைக் கையால் காட்டினாள்.

இரண்டு மணி தாண்டியது. கைபேசியில் கோடுகளை எண்ணினேன், முழுசாக இருந்தன. ஆனால் அவை இங்கத்துக் கோடுகள். அங்கே எத்தனை இருக்கிறதோ? அடி அண்ணாமலைப் பக்கம் அந்த லாரிக்கு டீசல் இருக்கிறதா, ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கவலைப்பட்டேன்.

"செத்த உக்காருங்க. நடந்து நடந்து தரை தேயுது" என்றாள் சரோஜா.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. இரண்டரை. மணி அடித்தது. கைபேசியை நான் எடுப்பதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"அக்கா! ஏத்திட்டாங்க! எரியுது!"

பின்னால் அரோகரா. முன்பெல்லாம் தூரத்து இரைச்சலாக வரும். இந்தத் தடவை எங்கள் கூடமே அதிர்ந்தது. சரோஜா தீக்குச்சி கிழித்தாள். முதல் அகல் எரிந்தது.

"லைன் கட்டாவல பாரு!" என்று தனபாலு கத்திக்கொண்டிருந்தான். "சுத்தி அத்தினி பேரும் பேசினு இருக்காங்க, எல்லாருக்கும் போவுது! எம்பக்கத்துல ஒரு அம்மா ஓசூருக்கு பேசுது. இந்தாண்ட ஒரு பையன் துபாய்க்கு பேசறான். எல்லாரும் ஒரே வார்த்ததான் சொல்றாங்க! மாமா, கேக்குதா?"

கேட்டது. ஏத்திட்டாங்க, ஏத்திட்டாங்க என்று எத்தனையோ குரல்கள். நான் வாழ்க்கையில் எண்ண முயலாத ஒரே எண்ணிக்கை அதுவாகத்தான் இருக்கும்.

கைபேசி வந்த பிறகு முதல்முறையாகத் தொடர்பு தானாக அறுந்துபோகவில்லை. சரோஜாதான் அறுத்தாள்.

"போதும் வச்சிடு தனபாலு. மத்தவங்க பேசட்டும்" என்றாள்.

முந்தைய நாள் நான் மகளிடம் கேட்ட கேள்விக்கு எனக்கு அங்கே பதில் கிடைத்துவிட்டது. தாயும் மகளும் ஒரே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். நான் மட்டும் தப்பாகக் கூட்டியிருந்தேன்.

6

பத்து அகலும் எரிந்துகொண்டிருந்தபோது மறுபடி மணி அடித்தது. இந்தத் தடவை வேறு சத்தம். திரையில் கலையின் முகம் வந்தது. கட்டம் கட்டமாக உடைந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது. ஏதோ ஒரு மொட்டை மாடி. தலையெல்லாம் தூசி.

"கூட்டம் பேசி முடிச்சிட்டாங்கப்பா. எடம் காலியாயிடுச்சி, தெறந்து விட்டுட்டோம். அம்மா எங்க? அம்மா, பாரு, பாரு."

படம் சுழன்றது. கறுப்பு. பிறகு கறுப்பின் நடுவே மஞ்சளாக ஒரு பொட்டு. மலை தெரியவில்லை, வானம் தெரியவில்லை. அந்தப் பொட்டு மட்டும் ஆடாமல் நின்றது. சரோஜா கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திரை எண்ணெயாகிவிட்டது. 

"பாத்தியாம்மா?"

"பாத்துட்டன்டி. நல்லா பாத்துட்டன். உன் மூஞ்சிய காட்டு. சாப்டியா?"

"இல்ல."

"மணி என்னா ஆவுது அங்க? காலைல?"

"காலைலருந்தே இல்லம்மா. நீ ஏத்தாம நான் எப்படி சாப்பிடறது? ஃபோன திருப்பு. வெளக்க காட்டு."

ஏழு வயதில் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவள், பள்ளியில் படிக்கும்போது எரிந்து விழுந்தவள், மலைச் சுடருக்கு நேர் கீழே பசியோடு உட்கார்ந்து ஔலுவின் விளக்குக்காகக் காத்திருந்திருக்கிறாள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மற்றதை விடாமல்.

சரோஜா கைபேசியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். கலை வாய்க்குள் எண்ணுவது எனக்குக் கேட்டது. தமிழில்தான் எண்ணினாள்.

"பத்துதானே இருக்கு? ஒண்ணு கம்மியா இருக்கேப்பா?"

நான் கைபேசியை வாங்கி எதிர்க் கட்டடத்தை நோக்கிப் பிடித்தேன். வரிசையாக வெள்ளை வெளிச்ச ஜன்னல்கள். எய்லா அம்மாள் தன் வீட்டு மின்விளக்கை அணைத்துவிட்டு, அகலைக் கண்ணாடியோரம் வைத்து, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"பதினொண்ணு" என்றேன்.

கலை சிரித்தாள். கூட்டத்திலிருந்து அவளிடம் வந்து சேர்ந்திருந்த தனபாலு, "இந்தா, வாயத் தொற" என்றான். படம் அதற்குள் உடைந்துவிட்டது. குரல் மட்டும் நின்றது. மலையைச் சுற்றி, கடலைத் தாண்டி, அத்தனை இரைச்சலுக்கும் நடுவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, பொரி உருண்டையைக் கடிக்கும் சத்தம் எங்கள் கூடத்தில் தெளிவாகக் கேட்டது.